‘வேறு’ என்று நான் எழுதிய பூச்சி

தர்சினி கேட்டது இரண்டு பக்கம். நான் வேலை செய்த விவசாயக் கந்தோரில், இப்போது அவள் இருக்கும் அலுவலகத்தில், ஏதோ மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற விவசாயப் போதனாசிரியர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். “நல்ல அனுபவமா எழுதுங்கோ மிஸ், வாசிக்கிறவைக்கு ஒரு உற்சாகம் வரவேணும்” என்றாள். பிறகு கைத்தொலைபேசியை எடுத்து, என் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அந்துப்பூச்சியைப் படம் பிடித்தாள். இரண்டு வினாடியில் அதன் பெயர் திரையில் வந்து நின்றது. இப்போது யாரும் இறகைத் தூக்கிப் பார்க்கத் தேவையில்லையாம், தொலைபேசியே பார்த்துக்கொள்ளுமாம். எனக்கு உற்சாகம் வரவில்லை, புத்தூர்ச் செல்வராணியின் நினைவுதான் வந்தது. அதையே எழுதுகிறேன். மலரில் போடாவிட்டாலும் குறை நினைக்க மாட்டேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு வருடம் படித்தோம், பூச்சிகளின் இறகுகளைப் பென்சிலால் வரைந்தோம், வரைந்ததை மறந்தோம். நியமனம் கிடைத்துப் புத்தூர்ப் பக்கம் வந்தபோது, “பொம்பிளைப் பிள்ளையோ எங்களுக்குத் தோட்டம் செய்யச் சொல்லித்தரப் போறா” என்று வாய்க்காலில் நின்று சிரித்தார்கள். நாலைந்து வருடத்தில் அதே ஆட்கள் வெங்காய இலையை மட்டுமல்ல, மகள்மாரின் சாதகத்தையும் என்னிடம் கொண்டுவந்து காட்டத் தொடங்கினார்கள். என் பயிற்சி அங்கேதான் முடிந்தது.

படைப்புழு வந்தது என் உத்தியோகத்தின் கடைசிக் காலத்தில். வேறு கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்து எங்கள் சோளத்தில் விழுந்த ஒரு சின்ன அந்துப்பூச்சியின் பிள்ளை அது. பூச்சி சோளத்தைத் தொடாது, முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். புழுதான் குருத்துக்குள் இறங்கித் தின்னும். எங்களுக்கு அவசர அவசரமாக இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். ஆண் பூச்சிக்கு மேலிறகின் நுனிக்குக் கிட்ட முக்கோணமாக ஒரு வெள்ளைப் பொட்டு, நடுவில் சரிந்தபடி மங்கிய மஞ்சளில் ஒரு நீள்வட்டம். ஒருதரம் பார்த்தால் மறக்காது. பெண்ணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, சாம்பலும் மண்ணிறமும் கலந்த வெறும் இறகு. ஆனால் அந்த இறகைத் தூக்கினால் கீழிறகு இரண்டுக்கும் ஒன்றுதான்: முத்து வெள்ளை, ஓரத்தில் மெல்லிய கபிலக் கோடு. “பொம்பிளையை அடையாளம் பிடிக்கிறது எப்பவும் கஷ்டம்தான்” என்றார் வகுப்பெடுத்தவர். ஆண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொப்பியில் இரண்டையும் வரைந்தேன்.

தோட்டம் செய்யும் கமக்காரருக்கென்று பிறகு ஒரு சுவரொட்டி வந்தது. அதில் ஆண் மட்டும், பொட்டும் இறகுமாய்ப் பெரிதாக. கலியாணப் படத்தில் மாப்பிள்ளையை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டினது போல இருந்தது. முட்டையிடுகிறவளின் படம் எங்கே என்று கேட்டேன். படத்தில் காட்ட அவளிடம் ஒன்றும் இல்லையே என்றார்கள்.

முதலில் எங்களுக்குத் தந்தது வாசனைப் பொறி. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, மூடிக்குக் கீழே விரல் நுனியளவு ரப்பர் அடைப்பான். அதில் பெண் பூச்சியின் மணத்தைச் செயற்கையாக ஊறவைத்திருப்பார்கள். ஆண் அந்த மணத்தை நம்பி வந்து வாளிக்குள் விழும். விழுவது ஆண் மட்டும் என்பதால் பொட்டை எண்ணினால் போதும். படிவமும் அதற்கேற்றபடி மூன்றே கட்டம்: திகதி, ‘வெள்ளை அடையாளமுள்ள பூச்சி’, ‘வேறு’. இதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் படிவத்தைச் செய்தவர் மூளைசாலி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

கொஞ்ச நாளில் அடைப்பானின் மணம் செத்துப்போயிற்று. புதியது வரவில்லை. பதிலாக வெளிச்சப் பொறி வைக்கச் சொன்னார்கள். ஒரு மின்குமிழ், அதற்குக் கீழே ஒரு பேசின், பேசினில் சவர்க்காரத் தண்ணீர். காலையில் போய்த் தேத்தண்ணி வடியால் பூச்சிகளை அள்ளுவேன். பழைய பேப்பரில் பரப்பி, வர்ணம் தீட்டும் தூரிகையால் ஒவ்வொன்றின் இறகையும் விரித்து, ஊசி முனையால் மேலிறகைத் தூக்கி, கைவில்லையால் பார்ப்பேன். வெளிச்சத்துக்கு ஆணும் வரும், பெண்ணும் வரும், ஊரிலுள்ள சகல சீவனும் வரும். பொறி மாறிவிட்டது, ஆனால் படிவம் மாறவில்லை.

பொட்டுள்ளது இரண்டோ மூன்றோ கிடக்கும். பொட்டில்லாமல், முத்து வெள்ளைக் கீழிறகோடு ஒரு கைப்பிடி கிடக்கும். அந்தக் கைப்பிடியை எங்கே எழுதுவது? ‘வேறு’ என்ற கட்டத்தில், ஈசலோடும் வண்டோடும் சேர்த்து எழுதினேன்.

எங்கள் மேலதிகாரி அருள்நேசன் சேர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த தாய் தகப்பனுக்கு, மிஷன் பள்ளிக்கூடத்திலேயே படித்து வளர்ந்த பிள்ளை. ஒருநாளும் சத்தம் போட்டது கிடையாது. கதிரையில் இருக்குமுன் கைலேஞ்சியால் ஒருதரம் தட்டுவார். படிவத்தை வாசிக்கும்போது வரிக்குக் கீழே கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்து வாசிப்பார். அடிமட்டம் அடுத்த வரிக்கு இறங்கும்வரை முன்னால் நிற்கிறவர் மூச்சு விடக்கூடாது. கையெழுத்து பச்சை மையில். யார் வந்து எதைச் சொன்னாலும் ஒரே பதில்: “எழுத்திலை தாங்கோ.” கூரை ஒழுகி அவருடைய தலையில் தண்ணீர் சொட்டுகிறது என்று ஓடிவந்து சொன்ன பியோனையும் எழுத்தில் தரச் சொன்னாராம். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் கந்தோரில் அதை நம்பாதவர் ஒருவரும் இல்லை.

அவருடைய மேசைக்குப் பின்னால் எங்கள் பகுதியின் வரைபடம் தொங்கியது. படைப்புழு உள்ள ஊருக்குச் சிவப்பு ஊசி, இல்லாத ஊருக்குப் பச்சை ஊசி. மருந்தும் தெளிக்கிற ஆட்களும் சிவப்பு ஊருக்கு மட்டும். பச்சை ஊரில் போதனாசிரியர் வரம்பில் நின்று பார்த்தாலே போதும் என்று சுற்றுநிருபம் சொன்னது. ஊசியின் நிறத்தைத் தீர்மானிப்பது என் படிவத்தின் நடுக்கட்டம். அதில் இரண்டும் மூன்றும் இருந்தபடியால் புத்தூர் பச்சையாகவே நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன்.

“சேர், வெளிச்சப் பொறிக்குப் பொம்பிளைப் பூச்சியும் வருது. அதுக்குப் பொட்டில்லை. படிவத்திலை எழுத இடமில்லாமல் கிடக்கு.”

அடிமட்டம் நின்றது. “இடமில்லை எண்டு சொல்லேலாது மிஸ். ‘வேறு’ எண்டு ஒரு கட்டம் இருக்குத்தானே.”

“அதுக்குள்ளை ஈசலும் கிடக்குது சேர்.”

“கிடக்கட்டும். நாங்கள் ஒண்டையும் விட்டுவிடேல்லை எண்டுதானே அர்த்தம். உங்கடை கருத்தை எழுத்திலை தாங்கோ.”

நான் கொடுக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, அந்த வாரம் என் இடமாற்ற விண்ணப்பம் அவருடைய மேசையில் கிடந்தது. என் வீடு சாவகச்சேரியில். புத்தூருக்கு ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டியில் போய்வந்து இடுப்பு நாரி விட்டுப்போயிருந்தது. பச்சை மையில் ஒரு கையெழுத்து விழுந்தால் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை. அந்த நேரத்தில் ஒரு பூச்சிக்காக ஏன் முரண்டு பிடிக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இனிச் செல்வராணி. என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவன் இறந்து ஏழெட்டு வருடம், இரண்டு பெட்டைப் பிள்ளைகள். புத்தூரில் குத்தகைக் காணியில் சோளம் போட்டிருந்தாள். தொண்டைமானாற்றுச் சந்நிதித் திருவிழாவில் கோயில் வீதி நெடுக அவித்த சோளம் விற்பார்கள். அவர்களுக்குப் பச்சைச் சோளப் பொத்தி கொடுப்பதாகப் பேச்சு. கொடியேற்றத்துக்கு ஒரு பாதி, தேருக்கும் தீர்த்தத்துக்கும் மறு பாதி என்று நாள் பார்த்து இரண்டு தடவையாக விதைத்திருந்தாள். அந்தப் போகம் அவளுக்கு வேறு பயிர் கிடையாது. இதுவும் பிழைத்தால் காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று காணிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

நான் வரம்பில் நின்று பார்த்தேன். முதல் பாதி முழங்காலுக்கு மேலே வளர்ந்து பச்சைப் பசேலென்று நின்றது.

“மிஸ், உந்தச் சாம்பல் பூச்சி ஒண்டு விடியப்புறத்திலை இலைக்குக் கீழை நிறைய இருக்குது. படத்திலை இருக்கிறது உதுதானோ?”

“பொட்டு இருக்கோ?”

“பொட்டில்லை.”

“அப்ப அது வேறை” என்றேன்.

படிவத்தில் எழுதி எழுதிக் கைக்குப் பழகியது வாய்க்கும் பழகியிருந்தது. செல்வராணி “அப்பாடா” என்று நெஞ்சில் கை வைத்தாள். நான் ஒரு இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. திருப்பியிருந்தால் கீழே பஞ்சு மூடினது போல முட்டைக் கூட்டத்தைக் கண்டிருப்பேன். தாய்ப் பூச்சி தன் உடம்பின் செதிலை உதிர்த்து முட்டையை மூடிவைக்கும். ‘பூச்சி இல்லை’ என்று அவளுடைய தோட்டத்துப் பதிவு அட்டையில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அன்று எனக்கு நேரமும் இருந்தது, கண்ணும் இருந்தது.

இரண்டு கிழமைக்குள் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. “மிஸ், ஒருக்கா கெதியா வாங்கோ” என்றாள்.

போய்ப் பார்த்தால் முதல் பாதியில் குருத்தெல்லாம் கந்தலாகி, உள்ளே ஈர மரத்தூள் மாதிரி எச்சம் நிரம்பிக் கிடந்தது. ஒரு குருத்தைப் பிரித்தேன். புழு தலையை நிமிர்த்தியது, முன்னந்தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டைத் தடிபோல வெள்ளைக் கோடு. சந்தேகமே இல்லை. பிந்தி விதைத்த பாதியில் அப்போதுதான் இலையில் ஊசித் துவாரங்கள் தொடங்கியிருந்தன. நாலைந்து நாளில் மருந்து விழுந்தால் அந்தப் பாதி தப்பும். விழாவிட்டால் காணியும் போகும்.

“எங்கையிருந்து மிஸ் வந்தது?” என்று கேட்டாள் செல்வராணி. “நானும் பாத்தன், நீங்களும் வந்து பாத்தியள்.”

கையிலிருந்த குருத்தைக் கீழே போட்டுவிட்டு நேரே கந்தோருக்குப் போனேன்.

“மிஸ், உங்கடை படிவத்தின்படி புத்தூர் பச்சை” என்றார் சேர், சத்தம் போடாமல். “உங்கடை கையெழுத்திலேயே ‘பூச்சி இல்லை’ எண்டு கிடக்கு. பூச்சி இல்லாமல் புழு என்னெண்டு வரும்?”

“நான் எழுதினது பிழை சேர்.”

“அதை எழுத்திலை தாறீங்களோ?”

எழுதிக் கொடுத்தேன். அடிமட்டம் வரிவரியாக இறங்கியது. “பொட்டில்லாததும் இதே பூச்சி எண்டு எழுதியிருக்கிறீங்கள். சுற்றுநிருபத்திலை புழுவைப் பற்றி ஒண்டுமில்லை, பொட்டுள்ள பூச்சி எண்டுதான் இருக்கு. ரெண்டும் ஒண்டு எண்டதுக்கு என்ன ஆதாரம்?”

“வகுப்பிலை சொன்னவை.”

“எழுத்திலை தந்தவையோ?”

தரவில்லை. என்னிடம் இருந்தது கொப்பியில் நானே வரைந்த படம். அதைப் பார்த்து, “நல்லாக் கீறியிருக்கிறீங்கள்” என்று பாராட்டினார். பிறகு, “புழுவைப் போத்திலிலை போட்டு வளத்துப் பாருங்கோ. பூச்சியா வரட்டும். பொட்டுள்ளதும் வந்து, பொட்டில்லாததும் வந்துதெண்டா நான் ஊசியை மாத்துறன்” என்றார். நியாயமான பேச்சு. புழு கூட்டுப்புழுவாகிப் பூச்சியாக இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் வேண்டும். அதற்குள் செல்வராணியின் தோட்டத்தில் தின்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

திரும்பிப் போய் அவளிடம் விசயத்தைச் சொன்னேன். பொட்டுள்ள பூச்சியும் பொட்டில்லாத பூச்சியும் ஒரே இனம் என்று கந்தோருக்குக் காட்ட வேண்டும், அதுவும் உடனே காட்ட வேண்டும் என்றேன்.

“அவ்வளவுதானோ?” என்றாள்.

அடுத்த நாள் விடியத் தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறப் போனவள் தொலைபேசியோடு போனாள். கந்தோர் திறக்கும் நேரம் கழுவின சீலையோடு வாசலில் வந்து நின்றாள். நானும் கூடப் போனேன். உள்ளே சேர், இரண்டு எழுதுவினைஞர் பிள்ளைகள், பியோன். செல்வராணி நேரே போய்த் தொலைபேசியை அவருடைய அடிமட்டத்தின்மேல் வைத்தாள்.

படம் தெளிவாக இருந்தது. சோள இலையின் கீழ்ப்பக்கத்தில் இரண்டு பூச்சிகள், வாலோடு வால் பொருந்தி, தலை எதிரெதிர்த் திசையில். ஒன்றின் இறகில் வெள்ளைப் பொட்டு பளிச்சென்று தெரிந்தது. மற்றது வெறும் சாம்பல்.

சேருடைய முகம் சிவந்துவிட்டது. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். “உது கந்தோரிலை காட்டுற படமில்லை அம்மா.”

செல்வராணி அதை எடுத்துத் திரும்ப நிமிர்த்தி வைத்தாள். “வெக்கப்படாதேங்கோ சேர். இவருக்குப் பொட்டிருக்கு. இவவுக்கு இல்லை. ரெண்டு பேரும் என்ன செய்யினம் எண்டு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இவவை நீங்கள் எந்தக் கட்டத்திலை போடுவியள்?”

எழுதுவினைஞர் பிள்ளைகளில் ஒருத்திக்குத் திடீரென்று இருமல் வந்து வெளியே போனாள். செல்வராணி அதோடு நிறுத்தவில்லை.

“பொட்டில்லாத எங்களை நல்ல காரியங்களிலைதான் முன்னுக்கு எடுக்கமாட்டினம். பூச்சிக்குமோ சேர் அந்தச் சட்டம்?”

அப்போது யாரும் சிரிக்கவில்லை. பியோன் நிலத்தைப் பார்த்தான். சேர் கண்ணாடியைக் கழற்றிக் கைலேஞ்சியால் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார். பிறகு எழும்பி, புத்தூரிலிருந்த பச்சை ஊசியைப் பிடுங்கிச் சிவப்பைக் குத்தினார். “இந்தப் படத்தின்ரை பிரதி ஒண்டு தரேலுமோ அம்மா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் அந்தப் படத்தை என்னவென்று குறிப்பிடுவது என்று அரைமணி நேரம் யோசித்தார். கடைசியில் பச்சை மையில் இப்படி எழுதினார்: ‘இணைப்பு 1: இரு பூச்சிகள், உறவுமுறை தெளிவாகத் தெரிகிறது.’

இரண்டாம் நாள் தெளிக்கிற ஆட்கள் வந்தார்கள். முதல் பாதி மாட்டுக்குத்தான் போனது, கொடியேற்றம் தவறியது. மறு பாதி தப்பி, தேருக்கும் தீர்த்தத்துக்கும் அவளுடைய பொத்தி சந்நிதி வீதியில் அவிந்தது. காணிக்காரர் குத்தகையைத் திரும்பவும் அவளுக்கே கொடுத்தார்.

மேலிடத்திலிருந்து சேருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, தொடர்ந்து பதவி உயர்வும் வந்தது. புதுப் படிவமும் வந்தது, நான்கு கட்டங்களோடு. நான்காவதின் தலைப்பு: ‘வெள்ளை அடையாளம் இல்லாத, ஆயினும் அதே பூச்சி’. என் இடமாற்ற விண்ணப்பமும் திரும்பி வந்தது. புதுப் படிவத்தை முழுதாக விளங்கிய ஒரே உத்தியோகத்தர் நான் என்பதால் என்னைப் புத்தூரிலிருந்து விடுவிக்க முடியாது என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் தர்சினி கேட்ட உற்சாகம் கிடைத்துவிடும். மலரில் போடலாம். ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

தீர்த்தம் முடிந்த கிழமை செல்வராணி ஒரு பை நிறையப் பொத்தியோடு என்னிடம் வந்தாள். ஊர் முழுக்க, “மிஸ் நிண்டபடியால்தான் என்ரை காணி நிண்டது” என்று சொல்லித் திரிந்திருக்கிறாள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே, தற்செயலாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அண்டைக்கு வரம்பிலை நிக்கேக்கை உங்களுக்கும் தெரியாமல்தானே மிஸ் வேறை எண்டு சொன்னியள்?”

‘ஓம்’ என்று சொல்லியிருக்கலாம். பதிலையும் அவளே எடுத்துத் தந்திருந்தாள்.

“தெரியும்” என்றேன்.

அவள் கோப்பையை வைத்தாள்.

“வகுப்பிலேயே தெரியும், செல்வராணி. சேரோடை ஒருக்காக் கதைச்சனான். எழுத்திலை தரச் சொன்னவர். அந்த நேரம் என்ரை இடமாற்றம் அவற்றை கையிலை கிடந்தது. படிவத்திலையும் ‘வேறு’ எண்டுதான் எழுதவேண்டிக் கிடந்தது. என்னாலை வேறை மாதிரி எழுதேலாமல் போச்சு.”

என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

“நீங்கள் எழுதினதை நான் வாசிக்கேல்லை மிஸ்” என்றாள். “உங்கடை வாயாலை சொன்னதைத்தான் நம்பினனான்.”

எழும்பிப் போனாள். கொண்டுவந்த பொத்திகளைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. அவற்றை அவிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகும் அவளுடைய தோட்டத்துக்கு நான் போகத்துக்குப் போகம் போனேன். வரம்பில் நிற்காமல் இறங்கி, வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்தேன். அவள் “வாங்கோ மிஸ்” என்பாள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொல்லுவாள், தேத்தண்ணி தருவாள். ஒரு மரியாதையும் குறையவில்லை. நான் பார்த்து முடித்து வரம்பில் ஏறியதும், சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு அதே வரிசையில் அவள் இறங்குவாள். நான் திருப்பிய இலைகளை முதல் செடியிலிருந்து கடைசிச் செடிவரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். நான் ஓய்வு பெறும்வரை அது நடந்தது. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் வெயிலில் காத்து நிற்பேன், பிறகுதான் அட்டையில் கையெழுத்து வைப்பேன்.